கூல் ரன்னிங்ஸ் திரைப்படமும் விமர்சகர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1988 பிப்ரவரியில் கனடாவின் கால்கரி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், பனி விழாத ஜமைக்காவிலிருந்து ஓர் அணி பாப்ஸ்லெட் போட்டியில் கலந்துகொண்டது. பனிக்கட்டியால் அமைந்த வளைவுத் தடத்தில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் சறுக்கிச் செல்லும் வண்டியைத்தான் பாப்ஸ்லெட் என்கிறார்கள். அந்த அணியின் கதையை வைத்து டிஸ்னி நிறுவனம் 1993 அக்டோபரில் வெளியிட்ட நகைச்சுவைப் படம் ‘கூல் ரன்னிங்ஸ்’. படம் வந்தபோது விமர்சகர்கள் என்ன சொன்னார்கள், அவற்றில் எவை இன்றும் நிற்கின்றன என்பவை குறித்து வழக்கமாக எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. படத்தின் முடிவும் பேசப்படுவதால், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

படத்தின் கதை என்ன?

டெரிஸ் பானக் என்னும் ஓட்டப்பந்தய வீரர், கோடைக்கால ஒலிம்பிக்குக்கான தேர்வு ஓட்டத்தில் பக்கத்துத் தடத்து வீரர் தடுக்கி விழுந்ததால் தாமும் விழுந்து வாய்ப்பை இழக்கிறார். முன்னாள் பாப்ஸ்லெட் வீரரான இர்விங் பிளிட்சர் அதே தீவில் பந்தயச் சூதாட்டம் நடத்திக் காலம் தள்ளுகிறார் என்று அறிந்து, அவரைப் பயிற்சியாளராக வரச் சம்மதிக்க வைக்கிறார். தள்ளுவண்டிப் பந்தயச் சாம்பியனான நண்பர் சாங்கா, தடுக்கி விழுந்த ஜூனியர், அவரால் கூடவே விழுந்து இன்னும் கோபம் தணியாத யூல் பிரென்னர் ஆகியோர் சேர, நால்வர் அணி உருவாகிறது. பணமில்லை, நல்ல வண்டியில்லை, கால்கரியில் மதிப்பாருமில்லை. போதாக்குறைக்கு, ஒலிம்பிக்கில் ஏமாற்றிப் பதக்கத்தைப் பறிகொடுத்தவர் என்ற பழி பயிற்சியாளரின் தலையில் இருக்கிறது. எள்ளி நகையாடப்பட்டவர்கள் படிப்படியாக மதிப்பைப் பெறுவதே மீதிக் கதை.

வெளிவந்தபோது விமர்சகர்களின் வரவேற்பு எப்படி இருந்தது?

பொதுவாகச் சாதகமாகவே இருந்தது. ஆனால் அது உற்சாகப் பாராட்டு என்று சொல்லத்தக்கதன்று; “புதுமை ஒன்றுமில்லை, இருந்தும் பிடித்திருக்கிறது” என்ற தொனியே பெரும்பாலான விமர்சனங்களில் ஓங்கி ஒலித்தது. படத்தின் இனிமையான மனநிலை, நான்கு நடிகர்களுக்கு இடையிலான ஒட்டுறவு, பயிற்சியாளர் பிளிட்சராக வந்த ஜான் கேண்டியின் அடக்கமான நடிப்பு, ஹான்ஸ் சிம்மரின் இசை ஆகியவை பாராட்டப்பட்டன. அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் திரைக்கதை, தட்டையான வில்லன்கள், ஜமைக்கா மக்களைக் காட்டிய விதம் ஆகியவை குறைகளாகச் சொல்லப்பட்டன.

இங்கே ஒரு பின்னணியை நினைவில் கொள்ள வேண்டும். அதே டிஸ்னி நிறுவனம் சரியாக ஓராண்டுக்கு முன்புதான், 1992 அக்டோபரில், சிறுவர்களின் ஐஸ் ஹாக்கி அணியைப் பற்றிய ‘தி மைட்டி டக்ஸ்’ படத்தை வெளியிட்டிருந்தது. அந்தப் படத்தை விமர்சகர்கள் கடுமையாகவே நடத்தினார்கள்; வசூல் மட்டும் நன்றாக இருந்தது. ஆகவே அடுத்த ஆண்டே இன்னொரு பனி விளையாட்டு, இன்னோர் உதவாக்கரை அணி, இன்னொரு கறைபடிந்த பயிற்சியாளர் என்று வந்து நின்றபோது, அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்ற சலிப்பு எழுந்ததில் வியப்பில்லை. அந்தச் சலிப்பையும் மீறிப் பலருக்கும் படம் பிடித்துப்போனது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி.

ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் உள்ள மதிப்பெண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

அங்கே தொகுக்கப்பட்டுள்ள விமர்சனங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு படத்துக்குச் சாதகமானவை. இந்தச் சதவீதம் எத்தனை பேர் படத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்பதை மட்டுமே சொல்கிறது. எந்த அளவுக்கு ரசித்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. “பரவாயில்லை” என்று எழுதியவரும் “மிகச் சிறந்த படம்” என்று எழுதியவரும் அங்கே ஒரே கணக்கில்தான் வருவார்கள். கூல் ரன்னிங்ஸ் போன்ற படத்துக்குப் “பரவாயில்லை” என்று சொல்பவர்கள் ஏராளம் என்பதால், சதவீதம் உண்மையான உற்சாகத்தைவிட உயரமாகத் தெரிகிறது. மேலும், அத்தளமே 1998-இல்தான் தொடங்கப்பட்டது. எனவே 1993-ஆம் ஆண்டுப் படத்துக்கான பட்டியலில் அன்றைய செய்தித்தாள் விமர்சனங்களோடு, பல ஆண்டுகள் கழித்துப் பழைய பாசத்தோடு எழுதப்பட்டவையும் கலந்தே இருக்கின்றன. அந்த எண்ணை 1993-இன் தீர்ப்பாக மேற்கோள் காட்டுவது சரியாகாது.

“பார்த்துப் பழகிய கதை” என்ற குற்றச்சாட்டு நியாயமானதா?

கதையின் ஓட்டத்தைப் பொறுத்தவரை முழுக்க நியாயமானது. இந்த வகைப் படங்களின் உறுப்புகள் எல்லோருக்கும் தெரிந்தவை: சேரவே முடியாதவர்கள் சேர்ந்த அணி, தம் பழைய தோல்வியைச் சுமக்கும் பயிற்சியாளர், முதல் நாள் படுதோல்வி, நடுவில் ஒரு சண்டை, இறுதியில் அரங்கமே எழுந்து நிற்கும் காட்சி. கூல் ரன்னிங்ஸ் இவற்றில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஆனால் இந்த வார்ப்பை யார் உருவாக்கினார்களோ, அவர்களில் ஒருவரின் கையே இந்தப் படத்திலும் இருந்தது என்பதைச் சலித்துக்கொள்பவர்கள் பலர் கவனிப்பதில்லை. படத்தின் கதைக்கான பெயர்ப் பட்டியலில் லின் சீஃபர்ட்டுடன் இடம்பெற்றிருப்பவர் மைக்கேல் ரிட்சி. 1976-இல் வெளிவந்த ‘தி பேட் நியூஸ் பேர்ஸ்’ படத்தை இயக்கியவர் அவர்தான். குடிகாரப் பயிற்சியாளராக வால்டர் மத்தாவ் நடித்த அந்தச் சிறுவர் பேஸ்பால் படம், இந்த வகை நகைச்சுவைக்கே தாய்ப்படம் என்று சொல்லத்தக்கது. அதில் அந்த அணி இறுதிப் போட்டியில் தோற்கிறது. அதே ஆண்டு வெளிவந்த ‘ராக்கி’ குத்துச்சண்டைப் படத்தின் நாயகனும் இறுதியில் நடுவர்களின் தீர்ப்பில் தோற்கவே செய்கிறான். வெற்றியில் முடிவதுதான் இந்த வகையின் விதி என்று பின்னாளில் பரவிய எண்ணம், தொடக்ககாலப் படங்களைப் பார்த்தால் நிற்காது.

கூல் ரன்னிங்ஸ் அந்தப் பழைய மரபையே பின்பற்றியது. பதக்கம் கிடைத்துவிடுமோ என்று பார்வையாளர் நம்பத் தொடங்கும் வேளையில் வண்டி கவிழ்கிறது. நால்வரும் அதைத் தோளில் சுமந்து எல்லைக்கோட்டைக் கடக்கிறார்கள். அணி தோற்றது உலகறிந்த செய்தி என்பதால் திரைக்கதைக்கு வேறு வழியில்லை என்று வாதிடலாம். எத்தனையோ மாற்றங்களைக் கூசாமல் செய்த படக்குழு இதில் மட்டும் கைவைக்காமல் இருந்ததையும் கணக்கில் கொள்ள வேண்டும். கதையின் பாதை தெரிந்ததே என்று எழுதியவர்கள் சரியாகவே எழுதினார்கள். அந்தப் பாதை எங்கே போய் நிற்கிறது என்பதற்கு உரிய மதிப்பைத்தான் அவர்களில் பலர் தரவில்லை என்பது என் கருத்து.

நகைச்சுவையை விமர்சகர்கள் எப்படி மதிப்பிட்டார்கள்?

கலவையாகவே மதிப்பிட்டார்கள். குளிரைத் தாங்கப் பழகுவதற்காகச் சாங்கா ஐஸ்கிரீம் வண்டியின் உறைபெட்டிக்குள் அமர்ந்திருக்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். உறைந்துபோன சடைமுடியின் ஒரு கற்றை ஒடிந்து கையோடு வந்துவிடுகிறது. இது சிறுவர்களுக்கான எளிய சிரிப்பு. பிடிக்காதவர்களுக்கு இதுவே படத்தின் தரத்துக்குச் சான்று. குளியல் தொட்டிக்குள் நால்வரும் ஒருவர் பின் ஒருவராக அமர்ந்து வண்டி ஓட்டப் பயிற்சி செய்யும் காட்சியும் இந்த ரகம்தான்.

இதைவிடக் கூர்மையான நகைச்சுவை வேறிடத்தில் இருக்கிறது. சுவிட்சர்லாந்து அணியின் நேர்த்தியில் மயங்கிய டெரிஸ், புறப்படும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர்களைப் போலவே ஜெர்மன் மொழியில் எண்ணத் தொடங்குகிறார். முதல் நாள் ஓட்டம் கேலிக்கூத்தாக முடிகிறது. ஜமைக்காக்காரர்களாகவே வண்டி ஓட்டினால் என்ன என்று சாங்கா இடித்துரைத்த பிறகுதான் அணி தன் சொந்தத் தாளத்தில் பாடிக்கொண்டு புறப்படுகிறது, நேரமும் குறைகிறது. சிரிக்க வைக்கும் காட்சியே கதையின் திருப்பமாகவும் ஆகிவிடுகிறது.

இன்னொன்று, படம் முழுவதும் வரும் ஒரு கேள்வி. தள்ளுவண்டி மோதிச் சிதறும் தொடக்கக் காட்சியிலேயே டெரிஸ் நண்பரைப் பார்த்துச் செத்துவிட்டாயா என்று கேட்கிறார். சாங்கா படுத்தபடியே ஆமாம் என்கிறார். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் இது தொடர்வதால் நமக்குப் பழகிப்போகிறது. கால்கரியில் வண்டி கவிழ்ந்து அரங்கமே உறைந்து நிற்கும் கணத்தில் அதே கேள்வி வருகிறது. இம்முறை விடை இல்லை என்பது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனை முறையும் சிரிக்க வைத்திருக்கிறார்கள். அன்றைய விமர்சனங்கள் படத்தின் வசன நகைச்சுவையை எளியது என்று ஒதுக்கியபோது, இத்தகைய கட்டுமானத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டன.

ஜான் கேண்டியின் நடிப்பு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

அவர் அதுவரை பெரும்பாலும் ஆர்ப்பாட்டமான நகைச்சுவை வேடங்களுக்காக அறியப்பட்டவர். இதில் சிரிக்க வைக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் மற்றவர்களிடம் விட்டுவிட்டு, வெட்கத்தைச் சுமக்கும் மனிதராக நடித்தார். ஏன் ஏமாற்றினீர்கள் என்று டெரிஸ் கேட்கும் அறைக் காட்சியில், பதக்கம் இல்லாமல் மனநிறைவு காணாதவன் பதக்கம் கிடைத்தாலும் காணமாட்டான் என்ற பொருளில் அவர் தரும் விடை, குரலை உயர்த்தாமல், அறிவுரை போலவும் ஒலிக்காமல் வருகிறது. படத்தைக் குறைத்து மதிப்பிட்டவர்களும் அவரைப் பாராட்டினார்கள். படம் வந்து ஐந்தே மாதங்களில், 1994 மார்ச் 4 அன்று, அவர் 43 வயதில் காலமானார். அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்த கடைசிப் படம் இதுதான் என்பதால், பிற்கால எழுத்துகளில் ஒருவகை அஞ்சலியின் சாயலும் ஏறிவிட்டது.

ஜமைக்கா மக்களைச் சித்திரித்த விதம் குறித்த விமர்சனம் என்ன?

இது 1993-இல் மெல்லிய குரலிலும், பின்னாளில் உரக்கவும் எழுந்த விமர்சனம். முதன்மை நடிகர்கள் நால்வரில் ஒருவரும் ஜமைக்காவில் பிறந்தவரல்லர், ராலே டி. லூயிஸ் டிரினிடாடில் பிறந்தவர், லியான், டக் ஈ. டக், மாலிக் யோபா ஆகிய மூவரும் நியூயார்க் பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்கள் பேசும் ஜமைக்கா உச்சரிப்பு அமெரிக்கக் காதுகளுக்கு ஏற்ப இளக்கப்பட்டது. சடைமுடியும் ரெகே இசையும் கவலையற்ற சிரிப்புமாக ஒரு நாட்டையே சுற்றுலா விளம்பரம் போல் காட்டிவிட்டார்கள் என்ற குறை தட்டிக்கழிக்கத் தக்கதன்று.

அதே வேளையில், கறுப்பின வீரர்கள் நால்வரையும் கதையின் மையத்தில் நிறுத்தி, அவர்களைப் பார்த்துச் சிரிக்காமல் அவர்களோடு சேர்ந்து சிரிக்க வைத்த டிஸ்னி படங்கள் அன்று அரிது. கண்ணாடி முன் ஜூனியரை நிறுத்தி, தன்னைத் தானே மதிக்க யூல் கற்றுக்கொடுக்கும் காட்சி அத்தகையது. வெள்ளையரான பயிற்சியாளர் அணியை மீட்கும் இரட்சகராக வருகிறார் என்ற புகாரும் உண்டு. அதை நான் பாதிதான் ஏற்பேன்: அவரைத் தேடிப் போவதும், இறுதி முடிவுகளை எடுப்பதும் வீரர்களே.

படம் உண்மை வரலாற்றோடு எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது?

மிகக் குறைவாகவே ஒத்துப்போகிறது. படத்தின் மீது வைக்கத்தக்க வலுவான விமர்சனம் இதுதான். வார்ப்புக்கதை என்ற புகாரை விடவும் கனமானது.

உண்மையான அணியைத் தொடங்கத் தூண்டியவர்கள் ஜார்ஜ் ஃபிட்ச், வில்லியம் மலோனி என்ற இரு அமெரிக்கர்கள். ஜமைக்காவின் தள்ளுவண்டிப் பந்தயம் அவர்களுக்குப் பாப்ஸ்லெட்டை நினைவூட்டியது. ஒலிம்பிக் ஓட்டத் தேர்வில் விழுந்தவர்கள் யாரும் அணியில் இல்லை. வீரர்கள் பெரும்பாலும் ராணுவத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். வண்டியை ஓட்டிய டட்லி ஸ்டோக்ஸ் ஜமைக்கா பாதுகாப்புப் படையின் கேப்டன், ஹெலிகாப்டர் விமானி. டெவன் ஹாரிஸ் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கழகத்தில் பயின்ற அதிகாரி. மைக்கேல் வைட்டும் இவர்களோடு இருந்தார். நால்வர் போட்டிக்கு முன்பு ஒரு வீரர் காயமடைந்ததால், அண்ணனை உற்சாகப்படுத்த வந்திருந்த கிறிஸ் ஸ்டோக்ஸ் சில நாள் பயிற்சியோடு வண்டியில் ஏறினார். இந்தக் கடைசிச் செய்தி எந்தத் திரைக்கதையாசிரியரும் கற்பனை செய்யத் தயங்கும் அளவுக்கு விந்தையானது. படமோ அதைப் பயன்படுத்தவே இல்லை.

இருவர் போட்டியில் டட்லி ஸ்டோக்ஸும் மைக்கேல் வைட்டும் பங்கேற்று 30-ஆம் இடம் பெற்றதும் படத்தில் கிடையாது. கிழக்கு ஜெர்மனி வீரர்களின் பகைமை கற்பனை. உண்மையில் மற்ற நாட்டு அணிகள் உதவியும் செய்தன. படத்தில் வண்டியின் பாகம் பழுதாகிக் கவிழ்கிறது. உண்மையில் மூன்றாவது ஓட்டத்தில் ஓட்டுநரின் அனுபவக் குறைவும் வேகமும் சேர்ந்து வண்டி கவிழ்ந்தது. வீரர்கள் அதைத் தோளில் சுமக்கவில்லை; அதன் அருகில் நடந்தே வெளியேறினார்கள், பார்வையாளர்கள் கைதட்டினார்கள். வினோதம் என்னவென்றால், கற்பனையாக மாற்றப்பட்ட இந்த விபத்துக் காட்சியில் உண்மையான விபத்தின் ஒளிப்பதிவையே வெட்டி ஒட்டிப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

பழுதான வண்டி என்ற மாற்றம் சிறியதாகத் தெரியலாம். ஆனால் தோல்விக்கான பொறுப்பு வீரர்களிடமிருந்து ஓர் இரும்புத் துண்டுக்கு மாறிவிடுகிறது. அதைவிடப் பெரிய இழப்பு, கட்டுப்பாடு மிக்க ராணுவ அதிகாரிகள் தற்செயலாகச் சேர்ந்த கோமாளிக் கூட்டமாக ஆனது. முன்னாள் வீரர்கள் பின்னாளில் பேசும்போது, படத்தின் மீது பாசம் காட்டிக்கொண்டே இந்தத் திருத்தங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

விமர்சகர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் இடையே வேறுபாடு இருந்ததா?

இருந்தது, ஆனால் மோதலாக இல்லை. விமர்சகர்கள் அளவோடு பாராட்டிய படத்தை மக்கள் தாராளமாக ஏற்றார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 6.9 கோடி டாலரும், உலகம் முழுவதும் 15 கோடி டாலருக்கு மேலும் வசூலானது. வட அமெரிக்காவைவிட வெளிநாடுகளில் கூடுதலாக வசூலித்தது என்பது, அந்நாட்டு விளையாட்டு ரசனையைச் சாராமலே படம் ரசிக்கப்பட்டதைக் காட்டுகிறது. பிறகு வீடியோ கேசட்டும் தொலைக்காட்சியும் அதை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசென்றன.

படத்துக்குப் பின் அந்த அணி என்ன ஆனது? அது படத்தின் மதிப்பைப் பாதித்ததா?

படம் வெளிவந்த நான்காம் மாதமே, 1994-இல் நார்வேயின் லில்லிஹாமரில் நடந்த ஒலிம்பிக்கில் ஜமைக்காவின் நால்வர் அணி 14-ஆம் இடம் பெற்று, அமெரிக்கா, ரஷ்யா, பிரான்ஸ் ஆகிய நாடுகளை முந்தியது. படத்தின் இறுதிக் குறிப்பு அவர்கள் சமமானவர்களாகத் திரும்பி வந்ததாகச் சொன்னதை மிகை என்று எண்ணியவர்களுக்கு இது விடையாக அமைந்தது. 2018-இல் ஜமைக்கா மகளிர் அணி முதன்முறையாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்றபோதும், 24 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2022-இல் நால்வர் அணி மீண்டும் தகுதி பெற்றபோதும், உலகச் செய்தித்தாள்கள் தலைப்பில் இந்தப் படத்தின் பெயரையே போட்டன. அணிக்கு இதனால் நிதியும் கவனமும் கிடைத்தன. கூடவே, எத்தனை கடுமையாக உழைத்தாலும் நகைச்சுவைப் படத்தின் வீரர்களாகவே பார்க்கப்படும் சுமையும் ஒட்டிக்கொண்டது.

இதே வகையில் பின்னாளில் வந்த படங்களை விமர்சகர்கள் எப்படி நடத்தினார்கள்?

அதே கால்கரி ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குத் தாண்டலில் கடைசி இடம் பெற்ற பிரிட்டன் வீரரைப் பற்றிய ‘எடி தி ஈகிள்’ 2016-இல் வந்தது. ஹியூ ஜாக்மன் நடித்த பயிற்சியாளர் முழுக் கற்பனைப் பாத்திரம், வார்ப்பும் பழையது. விமர்சகர்கள் ஏறத்தாழ அதே சொற்களில், தெரிந்த கதைதான் என்றாலும் மனம் நிறைகிறது என்று வரவேற்றார்கள்.

2001-இல் ஆஸ்திரேலியாவிடம் 31-0 என்று தோற்ற அமெரிக்கச் சமோவா கால்பந்து அணியைப் பற்றி 2023-இல் டைகா வைட்டிட்டி இயக்கிய ‘நெக்ஸ்ட் கோல் வின்ஸ்’ படத்துக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அதே கதையைச் சொன்ன 2014-ஆம் ஆண்டு ஆவணப்படம் ஏற்கெனவே பாராட்டப்பட்டிருந்ததால், ஒப்பிட்டுப் பார்க்க எல்லோருக்கும் வசதி இருந்தது. வெளியிலிருந்து வந்த பயிற்சியாளரின் மனத்துயரமே மையமாகி, தீவு மக்கள் பின்னணியாகிப் போனார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. 1993-இல் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்பட்ட குறை, முப்பது ஆண்டுகளில் தீர்ப்பையே தீர்மானிக்கும் குறையாக வளர்ந்திருக்கிறது.

சிறுவர்களோடு பார்க்கலாமா?

பார்க்கலாம். 98 நிமிடங்கள் ஓடும் இப்படத்துக்கு அமெரிக்காவில் பெற்றோர் துணையோடு பார்க்கும் பி.ஜி. தகுதி தரப்பட்டது. ஒரு மதுக்கூடச் சண்டையும் சில கரடுமுரடான சொற்களும் உண்டு. சற்று வளர்ந்த பிள்ளைகளாக இருந்தால், படம் முடிந்ததும் 1988-ஆம் ஆண்டு விபத்தின் உண்மையான ஒளிப்பதிவையும் தேடிக் காட்டுங்கள். தோளில் சுமக்கும் காட்சி ஏன் சேர்க்கப்பட்டது என்று அவர்களே கேட்பார்கள்.